பள்ளித் தொடர்களில் வகுப்பறை ஏன் செட்டு மாதிரியே தெரிகிறது?

கேள்வி: டிவி பள்ளித் தொடர்களில் வகுப்பறைக் காட்சிகள் ஏன் ஒட்டவே மாட்டேன் என்கின்றன? கோடை விடுமுறையில் காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு பள்ளியில் நாங்களே சின்னத் தொடர் ஒன்று எடுக்கப்போகிறோம். எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பதில்: இருபத்தேழு வயது ஆள் பிளஸ் ஒன் மாணவனாக வந்தால்கூட இரண்டாவது வாரத்தில் கண் பழகிவிடும். பழகாதது வெளிச்சமும் சத்தமும்.

தினம் ஒரு எபிசோடு கொடுத்தாக வேண்டிய அவசரத்தில், கேமரா எந்தப் பக்கம் திரும்பினாலும் லைட்டைத் தொட வேண்டாம் என்று அறை முழுக்க ஒரே சீராக அடித்துவிடுகிறார்கள். முதல் பெஞ்சுக்கும் கடைசி பெஞ்சுக்கும் ஒரே வெளிச்சம். நிஜ வகுப்பில் ஜன்னலோரம் உட்கார்ந்தவனின் ஒரு கன்னம் பளிச்சென்றும் மறு கன்னம் மங்கியும் இருக்கும். அதனால் ஒரு பக்க ஜன்னல்களை மட்டும் திறந்து வையுங்கள். எதிர்ப்பக்கத்தைக் கறுப்புத் துணியால் மூடுங்கள். திறந்த ஜன்னலுக்கு வெளியே, சட்டத்திலிருந்து ஓரடி தள்ளி, பட்டர் பேப்பரோ வெள்ளைத் துணியோ கட்டினால் வெயில் கட்டம் கட்டமாகத் தரையில் நகராது. முகத்தின் இருட்டுப் பக்கத்துக்கு வெளிச்சத்தைத் திருப்பிவிட ஒரு தெர்மாகோல் போதும். ஜன்னல் தெரிகிற வைட் ஷாட்களைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். குளோசப்பை மூன்று மணிக்கும் லைட் வைத்து ஒப்பேற்றலாம்.

அந்த பட்டர் பேப்பருக்கு இன்னொரு உபயோகமும் உண்டு. மே மாதம் உங்கள் ஊரில் ஜன்னலுக்கு வெளியே மாங்காய் கொத்துக் கொத்தாகத் தொங்கும். வசனத்தில் டிசம்பர் மாத அரையாண்டுத் தேர்வு நடந்துகொண்டிருக்கும். பேப்பர் அந்த மாங்காயை மறைத்துவிடும்.

டியூப்லைட்டை முடிந்தவரை அணைத்துவிடுங்கள். பழைய சோக் டியூப் முகத்தில் பச்சை ஏற்றும். எரிந்தே தீர வேண்டுமென்றால் ஷட்டர் வேகம், அதாவது ஒவ்வொரு பிரேமும் ஒளி வாங்கும் நேரம், 1/50 அல்லது 1/100 நொடி. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கும். 1/60 வைத்தால் பட்டை பட்டையாகக் கோடு ஓடும். நொடிக்கு 24 பிரேமில் எடுப்பவர்கள் ஷட்டர் கோணத்தை 172.8 டிகிரிக்கு வைத்தால் 1/50 கிடைக்கும். ஜெனரேட்டருக்கு மாறியதும் ஒரு டெஸ்ட் எடுத்துப் பாருங்கள், அதன் வேகம் ஆடினால் பட்டை திரும்ப வந்துவிடும்.

இனி சத்தம். பெரும்பாலான தொடர்கள் கவிழ்வது இங்கேதான். சிமெண்ட் தரை, கான்கிரீட் கூரை, காலி அறை. நடுவில் நின்று ஒரு முறை கைதட்டிப் பாருங்கள். தட்டிய பிறகும் சத்தம் வால் பிடித்து நின்றால் வசனமும் அப்படித்தான் பதிவாகும். கேமராவுக்குப் பின்னால் இருக்கும் இரண்டு சுவர்களில் கனமான ஜமக்காளம் தொங்கவிடுங்கள், பெஞ்சுக்கு அடியிலும் விரியுங்கள். பிரேமில் எட்டுப் பேர்தான் என்றாலும் முப்பது பேரையும் உட்கார வையுங்கள். எதிரொலியை உறிஞ்ச மனித உடம்பை மிஞ்சிய ஜமக்காளம் கிடையாது. ஃபேன் கட்டாயம் ஆஃப்.

காலர் மைக்கைத் தாடைக்கு ஒரு சாண் கீழே வையுங்கள். சீருடையில் பெரிய எதிரி அடையாள அட்டை. கயிறு அசையும்போதெல்லாம் அட்டை மைக்கில் டிக் டிக்கென்று தட்டும், எடிட்டில் அதை எடுப்பது கஷ்டம். அட்டையைச் சட்டையோடு சேர்த்து இருபக்க டேப்பால் ஒட்டிவிடுங்கள்.

44ஆம் எண் நெடுஞ்சாலை பக்கத்தில் என்பதால் லாரி ஹாரனுக்குத் தப்ப முடியாது. வசனத்துக்கு நடுவே ஹாரன் வந்தால் முழு ஷாட்டையும் திரும்ப எடுக்க வேண்டாம், அந்த ஒரு வரியை உடனே சொல்ல வையுங்கள். விட்டுவிட்டால், எடிட்டில் ஷாட் மாறும் இடத்தில் ஹாரன் பாதியில் அறுந்து நிற்கும். முடித்ததும் எல்லாரும் உட்கார்ந்தபடியே ஒரு நிமிடம் அறையின் மௌனத்தைப் பதியுங்கள். அடுத்து, பெஞ்சு இழுபடுவது, பக்கம் புரட்டுவது, முப்பது பேர் முணுமுணுப்பது, தூரத்துச் சாலை இரைச்சல் எனத் தனித்தனியாக இரண்டிரண்டு நிமிடம். வகுப்பு உயிரோடு இருப்பதாகத் தோன்ற வைப்பது இந்தச் சரக்குதான். பல தொடர்களில் இந்த இடத்தில் வீணை இசையைப் போட்டு நிரப்பியிருப்பார்கள்.

ஒவ்வொரு முகமாக மூன்று முறை ஜூம் போகும் பழக்கத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை, செய்யாதீர்கள். ஆசிரியர் நிற்கிறார், மாணவன் உட்கார்ந்திருக்கிறான், ஆனாலும் குளோசப்பில் இருவரும் நேருக்கு நேர் பார்ப்பார்கள். ஆசிரியரின் குளோசப்பை எடுக்கும்போது அந்த மாணவனை அதே பெஞ்சில் உட்கார வைத்தால் பார்வை தானாகக் கீழே இறங்கும்.

கரும்பலகையின் மூலையில் ‘பதிவு 42, வருகை 40’ என்று எழுதியிருக்கும், பெஞ்சில் பன்னிரண்டு பேர் இருப்பார்கள். அடுத்த ஷாட்டில் தேதியே அழிந்திருக்கும். ஒவ்வொரு டேக்குக்கும் முன் பலகையைப் போனில் படம் எடுத்து வையுங்கள். புதுச் சீருடையை நான்கு முறை துவைத்த பிறகு கொடுங்கள். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பையன் என்று ஒரு பாத்திரம் இருந்தால், பெஞ்சுத் தோழனிடம் தெலுங்கிலோ கன்னடத்திலோ இரண்டு வார்த்தை பேசட்டும். சென்னைத் தமிழ் பேசினால் உள்ளூர்க்காரர்கள் சிரித்துவிடுவார்கள்.

14 வயது நிறையாத பிள்ளைகளை நடிக்க வைத்தால் கலெக்டர் அலுவலக அனுமதியும் பெற்றோர் சம்மதமும் வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஓய்வில்லாமல் தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேலும் கூடாது. ஐந்து பிள்ளைக்கு ஒருவர் வீதம் பொறுப்பாளர் வேண்டும். அவர்கள் சம்பளத்தில் 20 சதவீதமாவது அவர்கள் பெயரில் வங்கி வைப்பாகப் போக வேண்டும். ஷூட்டிங் தேதி குறிப்பதற்கு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள்.