இந்த ஆண்டு படித்ததில் பிடித்த புத்தகங்கள் எவை? வலைப்பூவில் எழுதுவதை ஏன் குறைத்துக்கொண்டீர்கள்?

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அதைச் சொல்லாமல் முதல் கேள்விக்குப் பதில் சொல்ல வராது.

ஒன்பது ஆண்டுகளாக வாரம் ஒரு புத்தகம், ஓர் இடுகை என்று எழுதி வந்தேன். திங்கட்கிழமை காலையில் இடுகை வெளிவந்தாக வேண்டும். யாரும் விதிக்கவில்லை, நானே பூட்டிக்கொண்ட விலங்கு. அதற்காக ஞாயிறு மாலைக்குள் முடிந்துவிடக்கூடிய புத்தகங்களாகப் பார்த்து எடுக்கத் தொடங்கினேன். 300 பக்கத்தைத் தாண்டினால் கை தானாகப் பின்வாங்கும். மூன்றாவது அத்தியாயத்திலேயே இடுகையின் முதல் வரி மனத்தில் தயாராகிவிடும். அதன் பிறகு அந்த வரிக்குச் சாட்சி தேடுவதற்காக மிச்சப் புத்தகத்தைப் புரட்டுவேன். அதையும் படிப்பு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஜார்ஜ் ஆர்வெல் 1946இல் புத்தக மதிப்புரை எழுதுகிறவனைப் பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதினார். தன்னியல்பாக எந்த உணர்வும் எழாத புத்தகங்களுக்கு ஓயாமல் உணர்வுகளைத் தயாரித்துக்கொண்டே இருக்க வேண்டும், அதுதான் அந்த வேலையின் கொடுமை என்கிறார். அவர் சொன்ன ஆளாவது கூலிக்கு எழுதினான். எனக்கு யாரும் சல்லிக்காசு தரவில்லை.

இந்த ஆண்டு மொத்தம் நான்கு இடுகைகள். நேரம் மிச்சமாகுமே, நிறையப் படிக்கலாம் என்று கணக்குப் போட்டேன். முன்பு ஆண்டுக்கு 50 புத்தகம் தாண்டும். இந்த முறை 26. அதிலும் மூன்றைப் பாதியில் வைத்துவிட்டேன். முன்பெல்லாம் பாதியில் வைக்க முடியாது, திங்கட்கிழமை வந்துவிடும்.

முதலிடம் உ.வே. சாமிநாதையரின் தன்வரலாறான ‘என் சரித்திரம்’. 122 அத்தியாயங்கள் கொண்ட நூல். ஒன்பது ஆண்டுகளாக அலமாரியில் இருந்தும் ‘ஒரு வாரத்தில் முடியாது’ என்ற ஒரே காரணத்தால் தொடாமல் இருந்தேன். இந்த முறை நாளுக்கு ஓர் அத்தியாயம், சில நாள் இரண்டு என்று மூன்று மாதம் ஓடியது. வார இதழில் தொடராக வந்த எழுத்து, ஆகவே அந்த வேகத்தில் படிப்பதுதான் அதற்கு நியாயம் என்று தோன்றுகிறது. ஒரே மூச்சில் விழுங்கியிருந்தால் அவருக்குத் தமிழ் கற்பித்த மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மறைவு எனக்கு ஓர் அத்தியாயமாக மட்டும் கடந்து போயிருக்கும். அந்த மனிதரோடு பல வாரங்கள் பழகிய பிறகு அந்தப் பக்கத்துக்கு வந்ததால், அடுத்த இரண்டு நாள் புத்தகத்தைத் திறக்கவே மனம் வரவில்லை.

அதில் ஓர் இடம் என்னை நேராகவே குத்தியது. 1880இல் கும்பகோணத்தில், அங்கே முன்சீபாக (நீதிபதியாக) இருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைச் சாமிநாதையர் சந்திக்கிறார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, இவர் அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள், புராணங்கள் என்று அடுக்கிக்கொண்டே போகிறார். கேட்பவர் முகத்தில் எந்த மாறுதலும் இல்லை. இவற்றால் என்ன பயன் என்கிற தோரணையில் அத்தனையையும் ஒதுக்கிவிட்டு, சீவக சிந்தாமணி படித்ததுண்டா, சிலப்பதிகாரம் படித்ததுண்டா என்கிறார். இவர் அவற்றைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அந்தக் கேள்வியின் விளைவாக ஏழு ஆண்டு கழித்து, 1887இல், சாமிநாதையர் பதிப்பித்த சிந்தாமணி அச்சாகி வெளிவந்தது. ஆண்டு முடிவில் ‘நான் படித்த 52 நூல்கள்’ என்று பட்டியல் போட்டுப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த எனக்கு, எதிரே முதலியார் உட்கார்ந்து அசையாமல் பார்ப்பதுபோல் இருந்தது. ஒரு வித்தியாசம்: சாமிநாதையர் தம் பட்டியலில் இருந்ததையெல்லாம் உண்மையிலேயே கற்றிருந்தார்.

அடுத்து ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’. இது மறுவாசிப்பு. படித்து முடித்த அன்று ஆர்வத்தில், ஏழு ஆண்டுக்கு முன் நான் எழுதிய இடுகையைத் தேடி எடுத்தேன். தேடியிருக்க வேண்டாம். முக்கால்வாசி கதைச் சுருக்கம். மீதியில் ‘இந்நூல் உரிய கவனம் பெறவில்லை’ என்ற ஆதங்கம், அதுவும் முன்னுரைகளிலிருந்து கடன் வாங்கியது. இரண்டாம் உலகப் போரின் நடுவே, இந்தோனேசியாவின் மெடானிலும் மலேயாவின் பினாங்கிலும் அலையும் நாயகன் பாண்டியனின் மனம் திடீர் திடீரென்று சொந்த ஊரான சின்னமங்கலத்துக்கும் மதுரைத் தெருக்களுக்கும் ஓடிவிடுகிறதே, எங்கே நிகழ்காலம் முடிந்து நினைவு தொடங்குகிறது என்று கோடு தெரியாமல் வாக்கியம் நழுவுகிறதே, அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அந்தப் பக்கங்களை அன்று நான் வேகமாகத் தாண்டியிருப்பேன். கதை நகரவில்லை அல்லவா! இடுகை ‘தவறவிடக்கூடாத நூல்’ என்று முடிந்திருந்தது. சந்தேகம் வந்து வலைப்பூ முழுவதும் தேடினேன். ஒன்பது ஆண்டில் அதே தொடர் 34 இடங்களில்.

சிங்காரம் எழுதியவை மொத்தம் இரண்டு நாவல்கள். அதற்குப் பிறகு எழுதாமலேயே வாழ்ந்து 1997இல் மறைந்தார். என் சோம்பலுக்கு அவரைத் துணைக்கு அழைக்கவில்லை, சும்மா நினைவுக்கு வந்தது.

பூமணியின் ‘வெக்கை’ ஒரே இரவில் முடிந்தது. ஒரு கொலையில் தொடங்கி, தகப்பனும் பதின்வயது மகனும் தலைமறைவாகத் திரியும் சில நாட்கள். பயந்து ஓடுகிற கதையில் அவர்கள் சமைப்பதும் பேசிக்கொள்வதும்தான் அதிகம். அந்த நிதானம் பிடித்திருந்தது.

டால்ஸ்டாயின் ‘இவான் இலியிச்சின் மரணம்’ (1886) பற்றி என்ன சொல்ல? நண்பன் இறந்த செய்தி கேட்டதும் சக அதிகாரிகளுக்கு முதலில் தோன்றுவது, அந்த இடம் காலியானால் யாருக்குப் பதவி உயர்வு என்பது. அந்தத் தொடக்கத்தைக் கடந்து, நோயாளியின் கால்களைத் தன் தோளில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பணியாள் கெராசிமிடம் வந்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டு நடக்கப் போய்விட்டேன். பழைய வழக்கப்படி இடுகை எழுத உட்கார்ந்தும் பார்த்தேன். நான்கு வரிக்கு மேல் வரவில்லை, வந்ததும் பொய்யாக இருந்தது. வரைவிலேயே கிடக்கிறது.

வேறு சில நல்ல புத்தகங்களும் உண்டு. எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு வரப் போவதில்லை.

வலைப்பூவை மூடவில்லை. பின்னூட்டங்களில் பழகிய நான்கைந்து பேரின் பேச்சு இல்லாதது குறைதான், அதை மறைக்க விரும்பவில்லை. எழுதாமல் விட்டால் படித்தது மறந்துபோகாதா என்று ஒருவர் கேட்டிருந்தார். மறக்கிறது. பதினாறாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கட்டுரையாளர் மோன்தேனுக்கும் இதே தொல்லை இருந்தது. படித்த புத்தகத்தையே புதிதென்று எண்ணி மறுபடி எடுத்துவிடுவாராம். அதனால் நூலின் முடிவில், படித்து முடித்த காலத்தையும் அதைப் பற்றிய தம் கருத்தையும் சுருக்கமாக எழுதிவைப்பதை வழக்கமாக்கிக்கொண்டார். நானும் பென்சிலால் அதைச் செய்கிறேன். ‘என் சரித்திரம்’ முற்றுப் பெறாமலேயே, ஆசிரியரின் மறைவால் நின்றுபோன நூல். அதன் கடைசிப் பக்கத்தில் தேதியைப் போட்டுவிட்டுப் பென்சிலைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தேன். தேதி மட்டும்தான் இருக்கிறது.