நகரத்தின் சட்டமன்றப் பட்டியலில் நம் கோரிக்கை ஏற என்ன வழி?

கேள்வி: வாஷிங்டன் மாநிலத்தில், சியாட்டிலுக்குக் கிழக்கே ஒரு சிறு நகரத்தில் குடியிருக்கிறோம். எங்கள் குடியிருப்புக்கும் பள்ளிக்கும் நடுவே மாநில நெடுஞ்சாலை ஓடுகிறது. பிள்ளைகள் நடந்து கடக்க ஒரு பாலம் வேண்டும் என்று நகர மன்றத்தில் கேட்டோம். “அவ்வளவு பணம் எங்களிடம் இல்லை. மாநிலச் சட்டமன்றத்திடம் கேட்கும் முன்னுரிமைப் பட்டியலில் சேர்க்க முடியுமா என்று பார்க்கிறோம்” என்றார்கள். அது என்ன பட்டியல்? அதில் எப்படி இடம் பிடிப்பது? நானும் என் கணவரும் இன்னும் விசாவில்தான் இருக்கிறோம். நாங்கள் இதிலெல்லாம் பேசலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நம்மவர்கள் பலர் அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறார்கள். தாராளமாகப் பேசலாம். நகர மன்றக் கூட்டத்தில் பேசவும், சட்டமன்றக் குழுவின் முன் கருத்துச் சொல்லவும், தொகுதி உறுப்பினருக்கு எழுதவும் குடியுரிமை தேவையில்லை. அந்தத் தொகுதியில் குடியிருக்கிறீர்கள், அது போதும். உங்களால் வாக்களிக்க முடியாது. கிரீன் கார்டு வரும்வரை எந்தத் தேர்தலிலும் வேட்பாளருக்கு நன்கொடை கொடுக்கக் கூடாது, அது கூட்டாட்சிச் சட்டம். சம்பளம் வாங்காமல், யாருக்கும் செலவு செய்யாமல், சொந்த ஊர்ப் பிரச்சினைக்காகப் பேசுகிறவர் லாபியிஸ்டாக, அதாவது சட்டமன்ற உறுப்பினர்களிடம் கோரிக்கைக்கு ஆதரவு தேடுபவராக, பதிவு செய்ய வேண்டியதும் இல்லை.

சரி, பணம் இல்லை என்று நகரம் சொன்னது சாக்கு அல்ல. வாஷிங்டனில் எல்லோருக்குமான மாநில வருமான வரி கிடையாது. நகரங்கள் சொத்து வரியையும் விற்பனை வரியையும் நம்பியே ஓடுகின்றன. அந்தச் சொத்து வரி வசூலை, புதுக் கட்டடங்களால் வருவது நீங்கலாக, வருடத்துக்கு 1 சதவீதத்துக்கு மேல் நகர மன்றம் தானாக உயர்த்த முடியாது. 2001இல் வாக்காளர்கள் கொண்டுவந்த வரம்பு இது. 2007 நவம்பரில் மாநில உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அதே மாதம் சிறப்புக் கூட்டம் போட்டு சட்டமன்றம் திரும்பக் கொண்டுவந்துவிட்டது. 3 சதவீதமாக உயர்த்த 2025இல் நடந்த முயற்சி நிறைவேறவில்லை. சிமெண்ட் விலையும் ஊழியர் சம்பளமும் 1 சதவீதத்தில் நிற்பதில்லையே. ஒரு பெரிய பாலம் என்றால் நகரம் மாநிலத் தலைநகரான ஒலிம்பியாவைப் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

பணம் மட்டுமல்ல, அதிகாரமும் அப்படித்தான். அமெரிக்காவில் நகரங்கள் மாநிலத்தின் படைப்பு என்பதை 1868இலேயே ஐயோவா நீதிபதி டில்லன் எழுதிவைத்தார். இன்றும் மாநிலம் நினைத்தால் நகரத்தின் கையைக் கட்டலாம். 2023இல் வாஷிங்டன் சட்டமன்றம், தனி வீடுகள் மட்டுமே இருந்த மனைகளிலும் இரண்டு முதல் நான்கு குடியிருப்புகளை அனுமதிக்க வேண்டும் என்று பல நகரங்களுக்குச் சட்டம் போட்டது நினைவிருக்கலாம்.

அதனால்தான் நகரங்கள் வருடந்தோறும் ஒரு பட்டியல் போடுகின்றன. லெஜிஸ்லேட்டிவ் அஜெண்டா என்பார்கள். சட்டமன்றத்திடம் என்ன கேட்க வேண்டும், எதை எதிர்க்க வேண்டும் என்று நகர மன்றம் தீர்மானமாக நிறைவேற்றுவது. நகரத்தின் லாபியிஸ்ட் அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் உறுப்பினர்களிடம் பேசுவார்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பெரும்பாலான நகரங்களில் இது இரண்டு அடுக்காக இருக்கும். மேலே நாலைந்து முன்னுரிமைகள். கீழே “ஆதரிக்கிறோம்” என்று நீண்ட பட்டியல். லாபியிஸ்டின் நேரமெல்லாம் மேல் அடுக்குக்குப் போய்விடும். கீழே இருப்பவற்றுக்காக யாரும் கதவைத் தட்டுவதில்லை. வேறு யாராவது மசோதா கொண்டுவந்தால் “எங்களுக்கும் சம்மதம்” என்று சொல்வதோடு சரி. நகர நிர்வாகங்களுக்காக ஒலிம்பியாவுக்குப் போய்வரும் வேலையில் பல வருடங்கள் இருந்தேன். ஒருமுறை இருபதுக்கு மேற்பட்ட கோரிக்கைகளோடு ஓர் உறுப்பினர் முன் உட்கார்ந்தோம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பேனாவை மேஜைமேல் வைத்து, “இதில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால் எது வேண்டும்?” என்றார். எங்களிடம் பதில் இல்லை. அந்த வருடம் ஒன்றுமே கிடைக்கவில்லை. ஆகவே பட்டியலில் சேர்த்துவிட்டோம் என்று நகர மன்றம் சொன்னால், எந்த அடுக்கில் என்று கேளுங்கள்.

மேல் அடுக்கில் ஏற, கோரிக்கையின் வடிவம் முக்கியம். “பிள்ளைகளின் பாதுகாப்பு” என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள், பட்ஜெட்டில் எழுதுவதற்கு உருப்படியாக எதுவும் இருக்காது. மாநிலத்தால் மட்டுமே தரக்கூடியதாக, மாநிலம் தரக்கூடிய உருவத்தில் கேட்க வேண்டும். வாஷிங்டனில் மூன்று பட்ஜெட்டுகள் தனித்தனியாக வரும்: நிர்வாகச் செலவுக்கு ஒன்று, கட்டுமானங்களுக்கு ஒன்று, போக்குவரத்துக்கு ஒன்று. உங்கள் பாலம் எதில் போகும் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். பெட்ரோல் வரிப் பணத்தை நெடுஞ்சாலைத் தேவைகளுக்கு மட்டுமே செலவழிக்கலாம் என்று 1944இலிருந்து மாநில அரசியல் சாசனத்திலேயே இருக்கிறது. பூங்காவுக்குள் போகும் நடைபாதை என்று எழுதினால் அந்தப் பணத்தின் வாசல் மூடிவிடும். நெடுஞ்சாலையைப் பாதசாரிகள் கடப்பதற்கான அமைப்பு என்று எழுதினால் பேச இடம் உண்டு. ஒரே பாலம்தான், எழுதும் விதத்தில் தலையெழுத்து மாறுகிறது.

முதல் வருடமே பாலம் கட்ட முழுப் பணம் கேட்காதீர்கள் என்பது என் கருத்து. வரைபடமும் செலவு மதிப்பீடும் இல்லாத திட்டத்துக்குப் பெருந்தொகை ஒதுக்க யாரும் துணிய மாட்டார்கள். வடிவமைப்புக்கு மட்டும் பணம் கேளுங்கள். நகரம் தன் பங்காகச் சிறு தொகையாவது போடட்டும், “நீங்கள் என்ன போடுகிறீர்கள்?” என்ற கேள்வி கட்டாயம் வரும். கூடவே, பள்ளிக்குப் பாதுகாப்பான வழிகளுக்காக மாநிலப் போக்குவரத்துத் துறை தரும் ‘சேஃப் ரூட்ஸ் டு ஸ்கூல்’ நிதிக்கு விண்ணப்பிக்கலாமா என்று நகரப் பொறியாளரிடம் கேளுங்கள். அது சட்டமன்றத்தைவிடச் சீக்கிரம் பலன் தரக்கூடும்.

நகர மன்றத்தில் பேச உங்களுக்கு இரண்டு மூன்று நிமிடம் கிடைக்கும். இப்படி ஆரம்பியுங்கள்: “வரும் போக்குவரத்து பட்ஜெட்டில் இந்தக் கடவைக்கு வடிவமைப்பு நிதி கேட்பதை, நகரத்தின் முதல் ஐந்து முன்னுரிமைகளில் ஒன்றாக வைக்க வேண்டும்.” அப்புறம் பிள்ளைகளைப் பற்றிப் பேசுங்கள். ஒரு பள்ளி நாளில் காலை எத்தனை பிள்ளைகள் அங்கே கடக்கிறார்கள் என்று நீங்களே நின்று எண்ணிய கணக்கு இருந்தால், அதையும் ஒரு புகைப்படத்தையும் ஒரே தாளில் போட்டுக் கொடுங்கள். அந்தத் தாள் உங்களுக்கு முன்னால் ஒலிம்பியா போய்ச் சேரும்.

எப்போது கேட்கிறீர்கள் என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். சட்டமன்றம் ஜனவரி இரண்டாம் திங்கள்கிழமை கூடும். ஒற்றைப்படை வருடத்தில் 105 நாள், இரட்டைப்படை வருடத்தில் 60 நாள். இரண்டு வருட பட்ஜெட் ஒற்றைப்படை வருடத்தில் போடப்படும். அடுத்த வருடம் திருத்தங்கள் மட்டும். டிசம்பர் முதல் திங்கள்கிழமையிலிருந்தே உறுப்பினர்கள் மசோதாக்களை முன்கூட்டித் தாக்கல் செய்யலாம். நகரங்கள் பட்டியலை இலையுதிர் காலத்தில் இறுதி செய்துவிடும். ஆக, நீங்கள் போய் நிற்க வேண்டியது கோடையில். ஜனவரியில் போனால் அடுத்த வருடத்துக்குத்தான் பேசுகிறீர்கள். நகர மேலாளர் அலுவலகத்தில் மாநில உறவுகளைப் பார்ப்பவர் யார், வரைவு எந்தக் கூட்டத்துக்கு வருகிறது என்று ஜூலையிலேயே கேட்டு வையுங்கள்.

பட்டியலில் ஏறிவிட்டால் நகரமே பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடாதீர்கள். நகரம் தன் சார்பில் நேரடியாகப் பேசலாம். பொதுப் பணத்தைச் செலவிட்டு “உங்கள் உறுப்பினருக்கு எழுதுங்கள்” என்று மக்களைத் திரட்ட மாநிலச் சட்டம் இடம் தருவதில்லை. அந்த வேலை உங்களுடையது. மாநிலச் சட்டமன்றத்தில் உங்கள் தொகுதிக்கு ஒரு செனட்டரும் இரண்டு பிரதிநிதிகளும் இருப்பார்கள்; மூவருக்கும் எழுதுங்கள், முகவரியோடு. குழுவில் விசாரணை வரும்போது வீட்டிலிருந்தே காணொளியில் பேசலாம்; விசாரணைக்கு ஒரு மணி நேரம் முன்பு வரை பெயர் பதியலாம். பேச முடியாவிட்டால் எழுத்துமூலக் கருத்தை விசாரணை தொடங்கி 24 மணி நேரத்துக்குள் அனுப்பலாம்.

அதற்கெல்லாம் முன்பு, செப்டம்பரில் பள்ளி திறந்ததும் அந்த மூவரையும் காலையில் பிள்ளைகள் போகும் நேரத்துக்கு வந்து பார்க்கக் கூப்பிடுங்கள். கூட்டத்தொடர் இல்லாத நாட்களில் தொகுதியில்தான் இருப்பார்கள், கூப்பிட்டால் வருவார்கள். பேச்சு அதிகம் வேண்டாம். பிள்ளைகளோடு சேர்ந்து அந்தச் சாலையை ஒருமுறை அவர்களும் கடக்கட்டும்.