சிங்கப்பூரில் டிவி நாடகங்களில் நடிக்கிறேன். சென்னைக்குப் போய் சினிமாவில் முயற்சி செய்யலாமா?

உங்களுக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். 'நல்ல வேலையை விட்டுட்டுப் போகாதே' என்று வீட்டில் சொல்லியிருப்பார்கள். எனக்கும் சொன்னார்கள். சிங்கப்பூரின் தமிழ் டிவி ஒளிவழியான வசந்தம் கால்டிகாட் குன்றில் இருந்த காலத்தில், எட்டு வருடம் அதன் நாடகங்களில் நடித்துவிட்டு, 2012இல் கிளம்பினேன்.

தாராளமாகப் போங்கள். ஆனால் சம்பளம் பேசுவதற்கு முன்னால் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: என் பாத்திரத்துக்கு யார் குரல்?

இங்கே நமக்கு அந்தக் கேள்வியே வராது. படப்பிடிப்பிலேயே ஒலிப்பதிவு நடக்கிறது. தலைக்கு மேலே பூம் மைக் நிற்கும், விமானம் போனால் அதன் சத்தம் அடங்கும்வரை எல்லோரும் வாயை மூடிக்கொண்டு நிற்போம். சென்னையில் 'விருமாண்டி' மாதிரி 2004லேயே நேரடி ஒலிப்பதிவு செய்த படங்கள் உண்டு. ஆனால் நெடுங்கால வழக்கம் டப்பிங்தான். முதல் நாள் ஷாட்டில் நான் அழ வேண்டும். கேமரா ஓடுகிறது, பக்கத்தில் ஜெனரேட்டர் உறுமுகிறது, உதவி இயக்குநர் ஒருவர் வசனத்தை வரி வரியாக எடுத்துக் கொடுக்கிறார். நடுவில் இயக்குநர், "அப்படியே திரும்பும்மா, இப்ப அழு" என்று சத்தமாகச் சொன்னார். நான் நடிப்பதை நிறுத்திவிட்டேன்.

"ஏம்மா நிறுத்திட்ட?"

"யாரோ பேசினாங்க சார்."

நாங்கள் பழகிய தொழிலில் அது நியாயமான காரணம். அங்கே அப்படி ஒரு காரணமே கிடையாது.

'இது டிவி நடிப்பு, கம்மி பண்ணு' என்பதையும் நீங்கள் கேட்பீர்கள். அது சரிதான். பெரிய திரையில் புருவம் அசைந்தாலே போதும். ஒரு வாரத்தில் பழகிவிடும், அதற்குப் பயப்பட வேண்டாம்.

படத்தில் எனக்குத் திண்டுக்கல் பக்கத்து அக்கா வேடம். சாலிகிராமத்தில் நான் சாப்பிட்ட மெஸ்ஸை நடத்திய அம்மா அந்தப் பக்கத்துக்காரர். மத்தியானக் கூட்டம் முடிந்ததும் அவர் பாத்திரம் கழுவ, நான் பக்கத்தில் உட்கார்ந்து என் வசனங்களை அவரைச் சொல்லச் சொல்லிக் கேட்டுத் திருப்பிச் சொல்வேன். மூன்று வாரம் இப்படிப் போனது. படப்பிடிப்பு முடிந்து டப்பிங்குக்குக் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தேன். போன் செய்தால் "சொல்றோம்மா" என்பார்கள். கையிருப்பு கரைந்து ஊருக்குத் திரும்பினேன்.

2014இல் படம் வந்தது. இங்கே மெக்கன்சி சாலை ரெக்ஸ் தியேட்டரில் அம்மாவோடு உட்கார்ந்திருந்தேன். திரையில் நான் வாயைத் திறந்தேன், வேறு யாரோ பேசினார். அம்மா என் பக்கம் சாய்ந்து, "அப்ப உனக்குத் தொண்டை கட்டியிருந்துச்சா?" என்று கேட்டார். "ஆமாம்மா" என்றேன்.

'வாய்ப்புக் கொடுத்ததே பெரிசு' என்று கீழே யாராவது எழுதுவீர்கள். எனக்கு நன்றி இருக்கிறது. குரல் கொடுத்தவர் மீதும் வருத்தம் இல்லை. என் மூச்சுக்கும் உதட்டுக்கும் அவ்வளவு சரியாகப் பேசியிருந்தார். அவர் பெயரைத் தேடினேன், டைட்டிலில் அதுவும் இல்லை. கிராமத்துப் பாத்திரம், என் பேச்சு ஒட்டவில்லை என்று இயக்குநர் நினைத்திருந்தால் அது அவர் உரிமை. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அவ்வளவுதான்.

அந்தப் 'பேச்சு' விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு காலையில் லைட்மேன் அண்ணன் ஒருவரிடம் "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டேன். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அன்று முழுக்க எனக்கு 'சிங்கப்பூர் பசியாறு' என்று பெயர். என் பாட்டி ஒவ்வொரு காலையிலும் கேட்ட வார்த்தை அது. நல்ல தமிழ் வார்த்தை.

ஆனால் அவர்களைவிட எனக்கு நம்மவர்கள் மேல்தான் கோபம் அதிகம். கேட்ட கேள்விக்கு இது சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்கிறேன். எட்டு வருடம் நடித்தபோது என் நாடகங்களைப் பார்க்காத உறவினர்கள், அந்தப் படத்தில் பத்து நிமிடம் வந்ததும் போன் செய்து 'இப்பத்தான் நடிகையாயிட்ட' என்றார்கள். சென்னை சீரியலை ஒரு நாள் தவறவிடாதவர்கள், நம் பிள்ளைகள் நடித்த நாடகம் எத்தனை மணிக்கு வருகிறது என்பதைக்கூடத் தெரிந்துகொள்வதில்லை. சிங்கப்பூர்வாசிகளில், வீட்டில் அதிகம் பேசுவது தமிழ் என்று சொன்னவர்கள் 2010 கணக்கெடுப்பில் 3.3 சதவீதம், 2020இல் 2.5 சதவீதம். நம் பேச்சு ஒலிக்கும் ஒரு நாடகத்தை நாமே பார்க்கவில்லை என்றால் வேறு யார் பார்ப்பார்கள்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வருடம் கழித்து இன்னொரு படம், நகரத்து நர்ஸ் வேடம், நாலே காட்சி. முதல் சந்திப்பிலேயே குரலைப் பற்றிக் கேட்டேன். அந்த இயக்குநர் ஒரு பக்கத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். முடித்ததும், "நீங்களே பேசுங்க, வாக்கியம் முடியுற இடத்துல மேல ஏத்தாதீங்க" என்றார். வடபழனியில் சின்ன டப்பிங் தியேட்டர். படிக்கட்டில் ஓடிவந்து பேசும் காட்சி. மூச்சிரைப்பு வரவில்லை என்பதால், மைக்குக்கு முன்னால் நின்ற இடத்திலேயே குதித்துக் குதித்துப் பேசினேன். நாலு காட்சிக்கு ஐந்து மணி நேரம். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து சவுண்ட் இன்ஜினியர், "அந்த மூச்சு நல்லாருக்கு மேடம், வச்சுக்கலாம்" என்றார்.

அதனால் போட்டோ ஆல்பத்தோடு உங்கள் குரலையும் பதிவு செய்து கொண்டுபோங்கள். இரண்டு நிமிடம் போதும். ஒரு நிமிடம் நீங்கள் வீட்டில் பேசுகிற மாதிரி, ஒரு நிமிடம் மதுரைப் பேச்சு. முதல் நாளே போட்டுக் காட்டுங்கள். முடியாது என்றால் அப்போதே சொல்லிவிடுவார்கள்.