யூரியா போடற நெல் வயல்ல உயிர் உரம் வேலை செய்யுமா?

கேள்வி: நெல்லுக்கு யூரியா போட்டுட்டு இருக்கேன், கூடவே அசோஸ்பைரில்லம்ங்கற பாக்டீரியா உயிர் உரமும் போடலாம்னு பாக்கறேன். யூரியா பட்டா பாக்டீரியா செத்துடும்னு சொல்றாங்களே, ரெண்டையும் கலந்து தூவலாமா? யூரியாவ எவ்வளவு குறைக்கலாம்?

தாராளமா ரெண்டையும் போடலாங்க, ஆனா கலந்து மட்டும் தூவாதீங்க. ரசாயன உரத்தோட நேரா கலந்தா அந்த உப்புல பாக்டீரியா நிறைய செத்துப்போகும். வயல் தண்ணில கரைஞ்சு பரவின யூரியா அந்த மாதிரி கொல்லாது, ஆனா அங்க வேற ஒரு சிக்கல் இருக்கு, யூரியாலேருந்து வர்ற அம்மோனியம் மண்ணுல அதிகமா இருந்தா, காத்துல இருக்கற தழைச்சத்தை (நைட்ரஜனை) பிடிச்சுத் தர்ற, பாக்டீரியாவோட நைட்ரஜனேஸ் நொதி வேலை செய்யறது குறைஞ்சுடும், பாக்டீரியா உயிரோட இருந்தும் நமக்கு பலன் வராது. அதனால தான் யூரியாவ ஒரே தடவைல கொட்டாம மூணு நாலு தவணையா பிரிச்சுப் போடச் சொல்றோம்.

நாத்து நடறப்பவே ஆரம்பிச்சுடுங்க. ஏக்கருக்கு 200 கிராம் பாக்கெட் ரெண்டு, சுமார் 16 லிட்டர் தண்ணில கரைச்சு வேரை ஒரு 20 நிமிஷம் நனைச்சு நடுங்க, வேர்ல கருப்பா மாவு ஒட்டியிருக்கறது கண்ணுக்கே தெரியும். இன்னும் நாலு பாக்கெட்டை 10 கிலோ மக்கின தொழு உரத்துல கலந்து நடவுக்கு முன்னாடி வயல்ல தூவிடுங்க. யூரியா மேலுரத்துக்கும் இதுக்கும் ஒரு வாரமாவது இடைவெளி விடுங்க. விதைக்கு பூஞ்சாண மருந்து போட்டிருந்தா ஒரு நாள் கழிச்சுதான் உயிர் உரம்.

குறைக்கறதுன்னா, பரிந்துரை அளவுல கால் பங்குக்கு மேல குறைக்காதீங்க, அதையும் முதல் போகத்துலயே வயல் முழுக்க செய்யாதீங்க. பக்கத்துல ஒரு பாத்திக்கு முழு யூரியா போட்டு வச்சு இலை வண்ண அட்டையில (இலையோட பச்சை நிறத்தை வச்சுப் பாக்கற அட்டை) ரெண்டையும் ஒப்பிட்டுப் பாருங்க, குறைச்ச பக்கம் வெளுத்தா உடனே மேலுரம் கொடுங்க, பயிரைப் பட்டினி போட்டு சோதனை பண்ண வேண்டாம்.

தண்ணி நிக்கற வயல்னா, தண்ணில மிதந்து வளர்ற சின்னப் பெரணிச் செடியான அசோலாவும் விடுங்க, ஏக்கருக்கு 100 கிலோ, நட்ட 3-5 நாள்ல. தண்ணிய மூடி நிழல் கட்டறதால யூரியா அம்மோனியாவா காத்துல பறக்கறதும் குறையும். நல்லா படர்ந்ததும் மிதிச்சு சேத்துல அமுக்கிடுங்க, மட்கினாதான் அதுல இருக்கற சத்து பயிருக்கு வரும். வளராம சிவந்து நின்னா பெரும்பாலும் மணிச்சத்து (பாஸ்பரஸ்) பத்தலைனு அர்த்தம், வெயில் கொடுமையிலயும் சிவக்கும்.

பாக்கெட் வாங்கறப்ப காலாவதி தேதி பாருங்க, வெயில்ல கிடந்த பாக்கெட்டை தொடவே வேண்டாம்.