ஹெலிகாப்டர் வாங்கினால் போதுமா?

கேள்வி: குன்னூர் காட்டுத்தீயை அணைக்க 2024 மார்ச்சில் விமானப்படை ஹெலிகாப்டர் வர வேண்டியிருந்தது. வனத்துறையே சொந்தமாக ஒன்று வாங்கி, காட்டில் ஒரு பொறிகூட விழாமல் காத்தால் என்ன?
- வாசகர் ஒருவர், மேட்டுப்பாளையம்

பதில்: வாங்கட்டும். ரேலியா அணையில் தண்ணீர் மொண்டு வந்து கொட்டியது பார்க்கக் கம்பீரமாகத்தான் இருந்தது. ஆனால் அதற்குள் தீ பல நாள் எரிந்து முடித்திருந்தது. மார்ச் தீக்கு வேலை ஜனவரியிலேயே நடந்திருக்க வேண்டும். புல்லையும் சருகையும் வெட்டித் தீத்தடுப்புக் கோடு போடுவது, கோடைக்கான தீத்தடுப்புக் காவலர்களை நேரத்தோடு வேலைக்கு எடுத்துக் கூலி கொடுப்பது. இதெல்லாம் புகைப்படத்துக்கு உதவாத வேலை. டேராடூனிலுள்ள இந்திய வன ஆய்வு நிறுவனத்திலிருந்து தீ பற்றிய செயற்கைக்கோள் எச்சரிக்கை கைப்பேசிக்கே வந்துவிடுகிறது. பச்சைக் கிளையால் தீயை அடித்து அணைக்க மலையேற ஆள் இல்லையென்றால் அதை வைத்து என்ன செய்வது?

'ஒரு பொறிகூட' என்கிறீர்களே, அதுதான் பெரிய வம்பு. அமெரிக்க வனத்துறைக்கும் இதே ஆசை இருந்தது. எந்தத் தீயும் மறுநாள் காலை 10 மணிக்குள் அடங்க வேண்டும் என்று 1935-இல் விதியே வகுத்தார்கள். எரியாத சருகும் சுள்ளியும் சேர்ந்து காடு விறகுக் கிடங்கானது. 1970-களில் அந்த விதியைக் கைவிட்டார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன்? சத்தியமங்கலத்தைத் தாண்டினால் பிலிகிரிரங்கன் மலை. அங்கே சோளகர் பழங்குடியினர் கோடை முற்றும் முன்பே தரையோடு படரும் சிறு தீ வைப்பார்கள். 'தரகு பெங்கி' என்று பெயர்; நம் பேச்சில் சருகுத்தீ. சருகு போகும், பெரிய மரம் நிற்கும். மலை சரணாலயமானது, தீ வைப்பது குற்றமானது. அதன் பிறகுதான் உன்னிச்செடி என்னும் களைப்புதர் இப்படி மண்டியது என்பது சோளகர்களின் வாதம். இன்று தீப்பிடித்தால் அந்த உன்னியைப் பற்றிக்கொண்டே மரத்தின் மேல் ஏறுகிறது.

அதற்காக ஆளாளுக்குத் தீப்பெட்டியோடு கிளம்ப வேண்டாம். 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் 20-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது காய்ந்த புல்லில் காற்றோடு வந்த தீ. அது வேறு, காலமும் காற்றும் பார்த்து வைக்கும் சருகுத்தீ வேறு. அந்த வேறுபாடு தெரிந்தவர்களைத்தான் நாம் குற்றவாளிகளாக்கினோம்.

தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய். உங்கள் வனச்சரகத்தில் இந்த ஆண்டு எத்தனை கிலோமீட்டர் கோடு போட்டார்கள், எந்த மாதத்தில் போட்டார்கள், போட்டவர்களுக்குக் கூலி பாக்கி உண்டா என்று கேளுங்கள். பதில் வந்தால் எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.