பன்னீர் ரோஜா விதையில் வேறு பூ வருவது ஏன்?

கேள்வி: ரீயூனியன் தீவில் சென் ஆந்த்ரே ஊரில் இருக்கிறோம். கோயிலுக்குப் பறிக்கும் பன்னீர் ரோஜாவின் பழத்தை உடைத்து விதை போட்டேன். முளைத்த மூன்று செடியும் மூன்று விதமாகப் பூக்கின்றன. ஒன்றில் ஐந்தே இதழ். எங்கே தவறினேன்? இந்த ரோஜா நம் தீவில் பிறந்தது என்கிறார்களே, உண்மையா?

பதில்: நீங்கள் எதிலும் தவறவில்லை. அந்த ரோஜாவே ஒரு கலப்பில் பிறந்தது. அதனால்தான் விதையில் வேறு வேறாக வருகிறது.

தமிழ்நாட்டில் பன்னீர் ரோஜா, எட்வர்ட் ரோஸ் என்று மாலைக்கு விளைவிப்பது உங்கள் தீவின் 'ரோஸ் எடுவார்' என்றே ரோஜா வல்லுநர்கள் கொள்கிறார்கள். தீவுக்கு அப்போது போர்பன் என்று பெயர். வேலிக்கு வைத்த டமாஸ்க் ரோஜாவும் சீன ரோஜாவும் தாமாகவே கலந்தன. ஒன்று மணம் தந்தது. மற்றது ஆண்டு முழுக்கப் பூக்கும் குணம் தந்தது. 1817இல் அங்கு வந்த தாவரவியலாளர் பிரேயோன் இதன் அருமையைக் கண்டு, 1819இல் பிரான்சில் நெய்யி அரண்மனைத் தோட்டக்காரர் ஜாக்குக்கு விதை அனுப்பினார். போர்பன் ரோஜா வகைகள் அதிலிருந்து வந்தவை.

அதே பூ வேண்டுமென்றால் குச்சிதான் நடவேண்டும். காவடிக் காலத்து மழை ஓய்ந்து, ஏப்ரல், மேயில் நடுங்கள். பூத்து முடிந்த கிளையில் பென்சில் பருமனில் 15 முதல் 20 செ.மீ. துண்டு, கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக வெட்டவேண்டும். மேலே இரண்டு இலை போதும். மணலும் மக்கிய எருவும் சரிபாதி கலந்து, மூன்றில் இரண்டு பங்கு புதையும்படி ஊன்றி நிழலில் வையுங்கள். இரண்டே வாரத்தில் துளிர் விடும். அதை நம்பிப் பிடுங்கி நடாதீர்கள். அது குச்சியில் இருந்த சத்தில் வந்த துளிர். வேர் பிடிக்க 6 முதல் 8 வாரம் ஆகும். அடி கறுத்தால் நீர் தேங்குகிறது என்று பொருள், மணலைக் கூட்டுங்கள்.

புது வகை வேண்டுமா? மறுநாள் விரியவிருக்கும் மொட்டின் இதழ்களைக் கிள்ளி, மகரந்தப் பைகளைச் சிறு கத்தரியால் அகற்றி, காகித உறை போடுங்கள். அடுத்த நாள் பூவின் நடுவிலுள்ள சூலக முடி பிசுபிசுவென்று மின்னும். அப்போது வேறொரு ரோஜாவின் உலர்ந்த மகரந்தத்தைத் தூரிகையால் தொட்டு வையுங்கள். பழம் பழுக்க மூன்று நான்கு மாதம். விதையை ஈரத் தாளில் சுற்றி ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் 6 முதல் 8 வாரம் வையுங்கள். விதை முளைக்கத் தேவையான அந்தக் குளிர் உங்கள் கடலோரத்தில் கிடைக்காது. பலவும் முளைக்காமல் போகும். எனவே நிறையப் போடுங்கள். அந்த ஐந்து இதழ்ச் செடியைப் பிடுங்கிவிடாதீர்கள். இதழ் குறைந்த பூவில் மகரந்தம் மிகுதி. கலப்புக்குத் தந்தையாக அதுவே தோது.