சி.பி.ஏ. இருக்கும்போது சி.ஏ.எஃப்.எம். எதற்கு?

கேள்வி: கனடாவில் கணக்காளர்களுக்கான தொழில்முறைத் தகுதியான சி.பி.ஏ. முடிக்க நாளாகும் போலிருக்கிறது. அதற்குப் பதிலாக, பூர்வகுடி நிதி மேலாளர் சான்றிதழான சி.ஏ.எஃப்.எம். செய்தால் சீக்கிரம் வேலை கிடைக்குமா? சுலபமா?

கடைசி வார்த்தை மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் பேசாமல் கடந்து போயிருப்பேன்.

உங்கள் நிலைமையை நானே ஊகித்துக்கொள்கிறேன். ஊரில் பி.காம்., அதற்குமேல் சி.ஏ. இன்டர் அல்லது எம்.காம். பி.ஆர். (நிரந்தரக் குடியிருப்பு அனுமதி) கிடைத்து வின்னிபெக்கிலோ ரெஜைனாவிலோ வந்து இறங்கியாயிற்று. போகிற இடமெல்லாம் "கனடா அனுபவம் உண்டா?" என்கிறார்கள். கோயிலில் பார்த்த யாரோ ஒருவர், "ரிசர்வ் பக்கம் போங்கள், ஆள் கிடைக்காமல் அலைகிறார்கள்" என்றிருப்பார். ரிசர்வ் என்றால் பூர்வகுடிகளுக்கென ஒதுக்கிய நிலம். தப்பாக இருந்தால் மன்னிக்கவும். என்னிடம் சொன்னார்கள், நானும் போனேன்.

முதலில் விஷயம். இந்தச் சான்றிதழைத் தருவது ஏ.எஃப்.ஓ.ஏ. கனடா. 1999இல் பூர்வகுடி நிதி அலுவலர்களுக்காகத் தொடங்கிய லாப நோக்கற்ற அமைப்பு. பாடங்களில் கணக்கியல், மேலாண்மை போன்றவை நமக்குப் பழக்கமானவைதான். பூர்வகுடி வரலாறு, விழுமியங்கள், சமூகங்களின் நிதிச் சிக்கல்கள் என்று வருகிற பாடங்களில்தான் நம்மவர்கள் திணறுகிறார்கள். முடிவில் தேர்வு உண்டு, வேலை அனுபவமும் காட்ட வேண்டும். கட்டணம், யாருக்கு எந்தத் தாளில் விலக்கு என்பதையெல்லாம் அவர்கள் தளத்திலேயே பாருங்கள். அடிக்கடி மாறும்.

இனி என் கதை.

நான் சேர்ந்தது வடக்கு மானிட்டோபாவில் ஒரு ஊர். விமானத்தில்தான் போகமுடியும். குளிர்காலத்தில் மட்டும் ஏரிகள் உறைந்து, அவற்றின் மேல் சில வாரங்களுக்கு லாரி ஓடும். வருடத்துக்கு வேண்டிய டீசல், பலகை, கதவு, ஜன்னல் எல்லாம் அந்தச் சில வாரங்களில் வந்து சேர வேண்டும். ஒட்டாவாவின், அதாவது மத்திய அரசின், நிதியாண்டோ மார்ச் 31ஆம் தேதி முடிகிறது. அங்கிருந்து வரும் பணத்தில் "செட் கான்ட்ரிபியூஷன்" என்று ஒரு வகை உண்டு. சொன்ன வேலைக்கு, சொன்ன வருடத்துக்குள் செலவழிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்க வேண்டும். பனி தாமதமாக உறைந்து, பலகை மார்ச் நடுவில் வந்து இறங்கினால், தச்சர் எந்த மாதத்தில் கூரை போடுவார்?

எனக்கு மேலே நிதி இயக்குநராக இருந்தவர் கிரீ என்ற பூர்வகுடியைச் சேர்ந்த ஒரு பெண்மணி. ஊர் நிர்வாக அலுவலகமான பேண்ட் ஆபிஸில் தொலைபேசி எடுக்கும் வேலையில் தொடங்கியவர். பல்கலைக்கழகப் பட்டம் கிடையாது. வேலை பார்த்துக்கொண்டே சி.ஏ.எஃப்.எம். முடித்தவர். பனிச்சாலை ஒவ்வொரு வருடமும் என்று திறந்தது, என்று மூடியது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். அக்டோபரிலேயே அந்தத் தேதிகளை ஒரு தாளில் வரிசைப்படுத்தி, ஒப்பந்தத்தைத் திருத்தித் தாருங்கள் என்று துறைக்குக் கடிதம் போட்டுவிட்டார். நானாக இருந்தால் மார்ச் முடிந்தபிறகு வித்தியாசத்துக்கு அழகாக விளக்கம் எழுதியிருப்பேன். எனக்குப் பழக்கிய வேலை அதுதானே.

தணிக்கை முடிந்ததும் பள்ளிக்கூட ஜிம்மில் ஊர்க் கூட்டம். வின்னிபெக்கிலிருந்து வந்த ஆடிட்டர், குறையில்லாத அறிக்கை என்று சொல்லி முடித்தார். முன்வரிசையில் இருந்த ஒரு பாட்டி கையைத் தூக்கி, "என் வீட்டுக் கூரை எத்தனையாவது பக்கத்தில் இருக்கிறது?" என்றார். யாரும் சிரிக்கவில்லை. எங்கள் இயக்குநர் எழுந்து, வீட்டுவசதி அட்டவணை இருந்த பக்கத்தைத் திருப்பி, அந்தப் பாட்டியின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, கிரீ மொழியில் ஒவ்வொரு வரியாகச் சொன்னார். எத்தனை வீடுகளுக்குப் பணம் வந்தது, அது எதில் போனது, பாட்டியின் முறை ஏன் அடுத்த குளிர்காலம். கூட்டம் கலைய வெகுநேரம் ஆயிற்று. அதற்குப் பிறகுதான் நானும் இந்தப் படிப்பில் சேர்ந்தேன்.

சி.பி.ஏ.வைக் குறைத்துச் சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம். நானும் சி.பி.ஏ.தான். தணிக்கையாளருக்கும் வங்கிக்கும் பதில் சொல்ல அது போதும். இங்கே ஒட்டாவாவுக்குப் பதில் சொல்ல வேண்டும், ஊர்த் தலைவரான சீஃபுக்கும் அவருடைய கவுன்சிலுக்கும் சொல்ல வேண்டும், அந்தப் பாட்டிக்கும் சொல்ல வேண்டும். பூர்வகுடிகள் பற்றிய கனடியச் சட்டமான இந்தியன் சட்டத்தின் 89ஆம் பிரிவுப்படி ரிசர்வில் உள்ள சொத்தை வெளியார் ஜப்தி செய்ய முடியாது. அதனால் வங்கி அடமானம் வாங்கத் தயங்கும். அப்படியானால் தண்ணீர்க் குழாய் போடக் கடன் யார் தருவார்? 2005இல் முதற்குடி (ஃபர்ஸ்ட் நேஷன்ஸ்) சமூகங்களுக்காக நிதி மேலாண்மைச் சட்டம் ஒன்று வந்தது. அதன் கீழ் ஒரு சமூகம் தன் நிதி நிர்வாகத்துக்குத் தானே சட்டம் இயற்றிச் சான்று பெற்றால், முதற்குடி நிதி ஆணையம் வழியாகச் சேர்ந்து கடன் வாங்கலாம். அந்த ஆணையம் தன் முதல் கடன்பத்திரத்தை 2014இல் வெளியிட்டது, 9 கோடி டாலருக்கு. இவையெல்லாம் இந்தப் படிப்பில் ஓரத்தில் வருகிற சங்கதிகள் அல்ல.

கீழே கருத்துப் பகுதியில் என்ன வரும் என்று தெரியும். "அவர்கள் வரியே கட்டுவதில்லையே." வரிவிலக்கு ரிசர்வில் உள்ள வருமானத்துக்கும் சொத்துக்கும்தான், பூர்வகுடியாகப் பதிவு பெற்ற ஒருவர் டொராண்டோவில் ஒரு சாதாரணக் கம்பெனியில் வேலை பார்த்தால் உங்களைப் போலவே கட்டுவார். "கணக்கே காட்டுவதில்லையே." 2002இல் கனடாவின் தலைமைத் தணிக்கையாளரே கூட்டிப் பார்த்தார்: நான்கு மத்திய அமைப்புகளுக்கு மட்டும் ஒரு சமூகம் ஆண்டுக்குக் குறைந்தது 168 அறிக்கைகள் தரவேண்டியிருந்தது. அந்தச் சமூகங்களில் பல 500 பேர்கூட இல்லாத ஊர்கள். தப்பு செய்த சீஃப்களே கிடையாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் 2011 கடைசியில் அட்டவாபிஸ்கட் என்ற முதற்குடி ஊரில் ஒட்டாவா வெளியிலிருந்து ஒரு நிதி மேலாளரை நியமித்ததே, அந்த முடிவு நியாயமற்றது என்று மறுவருடமே கூட்டாட்சி நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதை யாரும் ஃபார்வர்ட் செய்யக் காணோம்.

சொன்னால் கோபம் வரும், வரட்டும். ஸ்ரீரங்கத்தில் என் மாமியார் இருக்கிற அடுக்குமாடிக் குடியிருப்பில் பராமரிப்புச் சங்கம் பல வருடமாக வரவுசெலவு வைக்கவில்லை. லிஃப்ட் பழுது என்று வீட்டுக்கு இவ்வளவு என வசூலித்தார்கள்; லிஃப்ட் நின்றது நின்றபடி. ரசீது கேட்டதற்கு, "கனடாவில் இருந்துகொண்டு எங்களைத் திருடன் என்கிறாயா அம்மா?" என்று செயலாளர் வாட்ஸாப் குழுவிலிருந்தே என்னை நீக்கிவிட்டார். அதே மனிதர்தான் முன்பு ஒருநாள் "ரிசர்வ் பணம் எங்கே போகிறது" என்று எனக்கு வீடியோ அனுப்பியவர். அவருக்கு ஒரு 168 அறிக்கை வாங்கித் தரவேண்டும்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். வேலை கிடைக்குமா? சான்றிதழ் இருந்தால் மனு மேலே வரும். ஆனால் பல இடங்களில் பூர்வகுடி விண்ணப்பதாரருக்கே முதலிடம், அது சரியும்கூட. நீங்கள் உட்காரும் நாற்காலிக்கு உள்ளூர்ப் பிள்ளை ஒருவரைத் தயார்செய்வதும் உங்கள் வேலையின் பாகம்தான். எனக்குப் பின் அந்த இடத்துக்கு வந்தவர் அதே ஊர்ப் பெண். மாதக்கடைசியில் இப்போதும் கூப்பிடுவார், பெரும்பாலும் நான் பழைய கோப்பை எங்கே வைத்தேன் என்று கேட்க. சி.பி.ஏ.வுக்குக் குறுக்குவழி என்று நினைத்தால் விட்டுவிடுங்கள். அதற்கு அது வழியே அல்ல. போவதென்று முடிவு செய்தால், சம்பளம் பேசும்போதே தங்கும் வீட்டையும், வருடத்துக்கு எத்தனை விமான டிக்கெட் தருவார்கள் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். புளியும் பெருங்காயமும் வின்னிபெக்கிலேயே வாங்கிவிடுங்கள்.